காற்றுக்காகக் காத்திருந்தவர்கள்

இஸ்லாம் பரவிய வரலாற்றைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் சபைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகின்றன. வாளால் பரவியது என்கிறது ஒன்று. வணிகர்களின் நல்லொழுக்கத்தால் பரவியது என்கிறது மற்றது. இரு தரப்புமே நிலத்தையும் கடலையும் பார்க்காமல் வழக்காடுகின்றன.

படைகள் வேகமாகத்தான் போயின. 636இல் யர்முக் போர், 641இல் எகிப்தின் பாபிலோன் கோட்டை, 711இல் சிந்துவும் ஸ்பெயினும். வெல்லப்பட்ட மக்கள் அந்த வேகத்தில் மார்க்கம் மாறவில்லை. பழைய வாழ்க்கை வரலாற்று அகராதிகளில் உள்ள பெயர்களைத் தலைமுறை வாரியாக ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் புல்லியட், ஈரானில் பாதிப் பேர் மாறவே ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டு ஆனது என்று 1979இல் எழுதினார். மாறாதவர்கள் கட்டிய ஜிஸ்யா வரி கஜானாவுக்கு வருமானம் என்பதால் உமய்யா அதிகாரிகள் பலருக்கும் அவசரம் இருக்கவில்லை.

கலீபாக்களின் படை காலே வைக்காத கரைகளுக்கு இந்த மார்க்கம் எப்படிப் போனது? எங்களுக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கேள்விதான். விடை பருவக்காற்றில் இருக்கிறது. தென்மேற்குக் காற்றின் சீற்றம் தணியும் ஆகஸ்டில் ஏடனிலிருந்து கிளம்பும் கப்பல் செப்டம்பர் வாக்கில் மலபாரைப் பிடிக்கும். திரும்பிப் போக வடகிழக்குக் காற்று வேண்டும். அது நிலைகொள்ள டிசம்பர் ஆகிவிடும். கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு இந்த முறை தலைகீழ். வடகிழக்குக் காற்றில் போய்த் தென்மேற்குக் காற்றில் திரும்ப வேண்டும். சரக்கு விற்றுத் தீர்ந்தாலும் காற்று மாறாமல் பாய் விரிக்க முடியாது. மாதக்கணக்கில் தங்குகிறவனுக்குத் தொழ ஓர் இடம், இறந்தால் அடக்கம் செய்ய ஒரு மையவாடி, கொடுக்கல் வாங்கல் தகராறைத் தீர்க்க ஒரு காஜி என எல்லாம் தேவைப்படுகின்றன. அந்த ஊர்ப் பெண்ணை நிக்காஹ் செய்துகொள்கிறான். பிள்ளைகள் தாயின் மொழியைப் பேசி, தகப்பனின் கிப்லாவை நோக்கித் தொழுது வளர்கிறார்கள்.

கென்யக் கடலோரம் பாட்டே தீவில் ஷங்கா என்ற பாழூர் இருக்கிறது. 1980களில் தொல்லியலாளர் மார்க் ஹார்ட்டன் அங்கே அகழ்ந்தபோது, கல் பள்ளிவாசலின் தரைக்கு அடியில் அடுக்கடுக்காகப் பழைய பள்ளிகள் வெளிப்பட்டன. எல்லாவற்றுக்கும் கீழே, 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரக்கால் நட்டுக் கட்டிய ஒரு சிறு தொழுமிடம். ஒரு சிறு கூட்டம் நின்றாலே நிறைந்துவிடும் அளவு. ஊரில் கிடைத்த பானை ஓடுகளில் மிகப் பெரும்பாலானவை உள்ளூர் ஆப்பிரிக்கக் கைகள் வனைந்தவை. சுவாஹிலி ஊர்களை அரபுக் குடியேற்றங்கள் என்று எழுதிவந்த பழைய வழக்கத்தை இந்த ஓடுகளே மறுத்துவிட்டன.

நம் பக்கத்துக் கொல்லத்திலும் இப்படியொரு சான்று உண்டு. 849இல் வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் தரிசாப்பள்ளி என்ற கிறிஸ்தவப் பள்ளிக்கு வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. சாட்சிகளோ கூஃபி அரபியிலும் பஹ்லவியிலும் ஹீப்ரு எழுத்திலும் ஒப்பமிட்டிருக்கிறார்கள். தேவாலயத்துக்கான கொடைக்கு முஸ்லிம்களும் யூதர்களும் சாட்சி நின்ற ஊர் அது. அந்தச் செப்பேட்டில் அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற வணிகக் குழுக்களின் பெயரும் வருகிறது.

மத்ஹபுகள், அதாவது மார்க்கச் சட்ட நெறிகள், பரவியதிலும் இந்தக் கடல்வழி தெரிகிறது. 820இல் எகிப்தின் ஃபுஸ்தாத்தில் மறைந்த இமாம் ஷாஃபியின் மத்ஹபு ஏமன் வழியாகக் கடலேறியது. 14ஆம் நூற்றாண்டில் மாலிகி மத்ஹபைச் சேர்ந்த பயணி இப்னு பதூதா, கிழக்கு ஆப்பிரிக்கக் கில்வாவிலும் சுமத்ராவிலும் ஷாஃபிகளையே கண்டார். சோமாலியா, மலபார், இலங்கை, ஜாவா என அந்தக் கடலோரம் பெரும்பாலும் இன்றும் ஷாஃபிதான். தரை வழியாக மத்திய ஆசியாவிலிருந்து தில்லிக்கு வந்தது ஹனஃபி. தமிழ்நாட்டிலும் இதே கோடு தெரிகிறது. காயல்பட்டினம், கீழக்கரை மரக்காயர்கள் ஷாஃபி. குதிரையோடு பெயர் சேர்ந்த உள்நாட்டு ராவுத்தர்கள் ஹனஃபி. கரையோரப் பள்ளியில் சுபுஹுத் தொழுகையில் குனூத் என்ற துஆவை ஓதுவார்கள், உள்நாட்டுப் பள்ளியில் அது கிடையாது. அங்கே அஸர் நேரமும் பிந்தியே தொடங்கும்.

ஏடன், கில்வா, கொல்லம், கீழக்கரை, சுமத்ரா எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் வைத்து, அரபி, சுவாஹிலி, மலாய் மூலங்களை நேரடியாகப் படித்து எழுதிய வரலாற்று நூல்கள் தமிழில் வர வேண்டும். அப்படி உழைப்பவர்களுக்கு இந்த இதழின் பக்கங்கள், கட்டுரை எவ்வளவு நீண்டாலும், திறந்திருக்கும்.