வெறுங்காணி என்றொரு மாயம்

பற்றீசியா ரீடி என்ற அமெரிக்க எழுத்தாளரின் 'தேர்ட்டீன்த் சைல்ட்' (பதின்மூன்றாவது பிள்ளை) 2009 இல் வெளிவந்த ஃபன்ரசி நாவல். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்காக எழுதியது. வெளிவந்த வருசமே வாசகர்கள் இரண்டாகப் பிரிந்து சண்டை பிடித்தார்கள். எங்கட வாசிப்பு வட்டத்திலும் அதே சண்டைதான். "ஒரு கதைப்புத்தகத்துக்கு ஏன் இப்பிடிக் கொதிக்கிறியள்?" என்று கேட்டவர்களுக்கு எங்கள் பதிலை இங்கே எழுதி வைக்கிறோம்.

முதலில் கதை. காலம் 19ஆம் நூற்றாண்டு. நாட்டின் பெயர் அமெரிக்கா இல்லை, கொலம்பியா. மந்திரம் அங்கே பள்ளிக்கூடப் பாடம். மிசிசிப்பி இருக்க வேண்டிய இடத்தில் மாமத் ஆறு ஓடுகிறது. அதற்கு மேற்கே மாமத் என்கிற உரோமம் அடர்ந்த ஆதி யானைகளும் நீராவி கக்கும் டிராகன்களும் திரிகின்றன. அவை கிழக்கே வராமல் பிராங்க்ளினும் ஜெபர்சனும் ஆற்றோரமாய் ஒரு மந்திர வேலி போட்டிருக்கிறார்கள். உண்மையான ஜெபர்சனும் மேற்கில் மாமத் உயிரோடு இருக்கலாம் என்று நம்பியவர்தான். அந்த நம்பிக்கையைக் கதைக்குள் நிசமாக்கியது நல்ல விளையாட்டு.

கதை சொல்பவள் எஃப். வீட்டின் 13ஆவது பிள்ளை. 13ஆவது பிள்ளை கெட்டுப்போகும், குடும்பத்துக்கு நாசம் என்று சொந்தக்காரரே சொல்லிச் சொல்லி வளர்க்கிறார்கள். அவளோடு கூடப்பிறந்த இரட்டையன் லான் ஏழாவது மகனுக்கு ஏழாவது மகன், ஆகவே அதிர்ஷ்டக்காரன். எங்கள் வட்டத்துப் பெண்கள் எல்லாருக்கும் இந்தப் பகுதி சட்டென்று ஒட்டிக்கொண்டது. செவ்வாய்க் குற்றம், மூலம், ராசியில்லாதவள் என்று கேட்டு வளர்ந்த ஊரில் எஃப்புக்கு விளக்கவுரை தேவையில்லை. தன்னைத் தானே பயந்து பயந்து பார்க்கிற பிள்ளையை ரீடி மிக நன்றாக எழுதியிருக்கிறார். அதில் எங்களுக்குள் இரண்டாம் கருத்து இல்லை.

பிரச்சினை வேறு இடத்தில். இந்தக் கொலம்பியாவில் பூர்வகுடிகள் இல்லை. கொல்லப்பட்டவர்களாகவோ துரத்தப்பட்டவர்களாகவோ கூட இல்லை. ஆசியாவிலிருந்து ஆதி மனிதர் அந்தக் கண்டத்துக்குப் போகவேயில்லை என்பது இக்கதையின் அடிப்படை. எழுத்தாளர் சொன்ன காரணமும் உண்டு: வழமையான கதைகளில் பூர்வகுடிகள் ஒன்றில் காட்டுமிராண்டிகளாக வருவார்கள், இல்லாவிட்டால் இயற்கையோடு ஒன்றிய ஞானிகளாக வருவார்கள். இரண்டு அச்சும் வேண்டாம் என்று அவர்களே இல்லாத உலகத்தைப் படைத்துவிட்டார்.

இதற்கு வந்த கருத்துகளை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, "கதைதானே, டிராகன் இருக்கலாம் என்றால் இதுவும் இருக்கலாம்." இரண்டாவது, "கெட்ட மாதிரிக் காட்டாமல் விட்டது மரியாதைதானே." மூன்றாவது, "ஒரு இனத்தை நிசத்தில் அழித்தது போதாதென்று கற்பனையிலும் அழிக்கிறதோ?" நாங்கள் மூன்றாவது பக்கம். ஆனால் முதல் இரண்டையும் ஒதுக்கிவிட்டுப் போக ஏலாது.

ஃபன்ரசிக்கு எதையும் மாற்ற உரிமை இருக்கிறது, சரி. ஆனால் ஒன்றை மாற்றினால் அதோடு சேர்ந்து மாற வேண்டியதெல்லாம் மாற வேண்டும். சோளம், உருளைக்கிழங்கு, மிளகாய், புகையிலை, மரவள்ளி, தக்காளி எல்லாமே அமெரிக்கக் கண்டங்களின் ஆதி மக்கள் ஆயிரக்கணக்கான வருசமாய்ப் பயிராக்கி எடுத்தவை. அவர்களைக் கதையிலிருந்து கழற்றினால் யாழ்ப்பாணத்துச் செம்மண்ணும் மாறிவிடும். புகையிலைத் தோட்டம் இல்லை, சுருட்டுக் கொட்டில் இல்லை, கூழுக்குள் மரவள்ளிக் கிழங்கு இல்லை, செத்தல் மிளகாய் இல்லை. எங்கட தோட்டக்காணியில் பாதி வெறுமையாகும். ரீடியின் உலகத்திலோ பெரிதாக எதுவும் குறையவில்லை. குடியேறிகள் வருகிறார்கள், காணி பிடிக்கிறார்கள், ஊர் எழும்புகிறது. அங்கே வாழ்ந்த மக்களால் உலகத்துக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வியே எழவில்லை. எங்கள் முதல் குறை இதுதான்.

இரண்டாவது கருத்துக்கு நாவலே பதில் வைத்திருக்கிறது. எஃப்புக்கு மந்திரம் கற்பிக்கும் மிஸ் ஒச்சிபா கறுப்பினப் பெண். அவர் சொல்லிக்கொடுக்கும் ஆபிரிக்க மந்திரத்தின் முதல் பாடம், ஒரு பொருளை ஒரு பக்கத்தால் மட்டும் பார்க்காதே, சுற்றிவரப் பார் என்பது. ஆபிரிக்கரை மரியாதையோடு, அறிவுள்ள மனிதராய் எழுத முடிந்த ஒருவருக்குப் பூர்வகுடிகளையும் அப்படி எழுத முடியாமல் போயிருக்காது. ஒருவரைப் பிழையாய் வரைந்துவிடுவோமோ என்று பயந்து படத்திலிருந்தே வெட்டிவிடுவதை மரியாதை என்று எங்களால் சொல்ல முடியவில்லை.

இதெல்லாம் அமெரிக்காக்காரரின் சண்டை, எங்களுக்கென்ன என்றும் ஒருவர் கேட்டார். எங்களுக்கு நிறைய இருக்கிறது.

யாழ்ப்பாணத்துக்குப் பெயர் வந்த கதை எல்லாருக்கும் தெரியும். யாழ் வாசித்த பாணனுக்கு அரசன் வடக்கே ஒரு மணல் திடலைப் பரிசாகக் கொடுத்தான், அவன் ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றினான். 18ஆம் நூற்றாண்டில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையிலும் இந்தப் பாணன் வருகிறான். கேட்க அழகான கதை. ஆனால் கந்தரோடையிலும் ஆனைக்கோட்டையிலும் மண்ணைத் தோண்டினால் வேறு கதை வருகிறது. 1980களின் தொடக்கத்தில் ஆனைக்கோட்டைப் பெருங்கற்காலப் புதைகுழியில் எடுத்த எழுத்துப் பொறித்த முத்திரை, கிறிஸ்துவுக்கு முன்னரே இங்கே ஆட்கள் வாழ்ந்து செத்துப் புதைக்கப்பட்டதைச் சொல்கிறது. பாணனுக்குக் கொடுபட்டது வெறுங்காணி இல்லை.

வன்னிக்கு வாருங்கள். அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' 1973 இல் வந்தது. தண்ணிமுறிப்புக் காட்டோரத்தில் கதிராமனும் பதஞ்சலியும் வாழ்கிற வாழ்க்கை அது. அதுவும் ஒரு எல்லைப்புற நாவல்தான். காடு வெட்டுகிறார்கள், மிருகங்களோடு மல்லுக்கட்டுகிறார்கள். 11 வருசம் கழித்து, 1984 டிசம்பரில், தண்ணிமுறிப்பு, கொக்கிளாய், கொக்குத்தொடுவாய்ச் சனத்தை இராணுவம் எழுப்பிவிட்டது. 1988 இல் மணலாறு 'வெலி ஓயா' ஆனது. வெலி என்றால் மணல், ஓயா என்றால் ஆறு. பெயரை மொழிபெயர்க்க முடிந்திருக்கிறது, அந்தப் பெயரை வைத்தவர்களைத்தான் காணவில்லை. வரைபடத்தில் முதன்முதலாய்ப் பார்க்கிற ஒருவருக்கு அது காடாய்க் கிடந்து பின் ஊரான இடமாய்த்தான் தெரியும்.

மற்றவன் எங்களை அழித்த கதையை மட்டும் சொல்லி நிற்பாட்டினால் மிஸ் ஒச்சிபாவிடம் நாங்களும் ஃபெயில். 1990 ஒக்ரோபர் 30 இல் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னது விடுதலைப் புலிகள். வடக்கு முழுவதிலும் இருந்து போனவர்கள் 70 ஆயிரத்துக்கும் மேல். எங்கள் வயதுக்காரர் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்கள் இல்லாத யாழ்ப்பாணம்தான் இயல்பான யாழ்ப்பாணம் என்று பார்த்து வளர்ந்த தலைமுறை. இந்த நகரத்தைப் பற்றி ஒருவர் நாளைக்கு அழகான ஃபன்ரசி எழுதி, அதில் நல்லூர்த் தேரும் கோட்டையும் வந்து, சோனகத் தெரு வராமல் போனால், எங்களில் எத்தனை பேர் கவனிப்போம்? "கதைதானே" என்று சொல்ல முதல் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

இந்தப் புத்தகத்தைத் தடை செய்யவோ தூக்கி எறியவோ சொல்லவில்லை. வாசியுங்கள், எஃப்புக்காகவாவது வாசியுங்கள். மேற்கே புல்வெளி விரிகிற பக்கங்களில் மட்டும் ஒருக்கால் நின்று, இந்த வெளி ஏன் இவ்வளவு துப்பரவாய் இருக்கிறது என்று யோசியுங்கள். அடுத்த மாதம் வட்டத்தில் 'நிலக்கிளி' எடுக்கிறோம். இரண்டையும் வாசித்துவிட்டு வருகிறவர்களோடு கதைக்க நிறைய இருக்கும்.