பயிற்றுவிப்பாளரை விடுங்க, பட்டியலைக் காட்டுங்க

லீவுக்கு வீட்டுக்கு வந்தால் எங்களுக்கு ஒரு வாடிக்கை இருக்கிறது. பின்னேரம் பதுளை டவுனில் ஒரு கடையில் பிளேன்டீயும் வடையும். பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் உதைபந்தில்தான் வந்து நிற்கும். போன கிழமை அது சென்னையின் எஃப்.சி.யில் வந்து நின்றது. மட்டராஸி காலத்தில் எடுத்த வீரர்கள் பெரிசா, ஜோன் கிரெகரி காலத்தில் எடுத்தவர்கள் பெரிசா? யாருடைய ட்ராஃப்ட் வெற்றி?

இரண்டு மணித்தியாலம் கத்தினோம். கடை அண்ணன் லைட்டை அணைத்த பிறகும் ரோட்டில் நின்று கத்தினோம். வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்தால், கேள்வியே பிழை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் கணக்கைப் பார்ப்போம். இந்தியன் சூப்பர் லீக் 2014ல் தொடங்கியபோது சென்னை அணிக்குப் பொறுப்பாக வந்தவர் மார்க்கோ மட்டராஸி. முதல் வருடம் புள்ளிப் பட்டியலில் முதலிடம், ஆனால் அரையிறுதியில் கேரளாவிடம் தோல்வி. 2015ல் கோவாவில் நடந்த இறுதியாட்டத்தில் கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் வந்து 3-2 என்று கிண்ணம். நாங்கள் அப்போது ஸ்கூல் பிள்ளைகள். லயத்தில் டிவி இருந்த ஒரு வீட்டு வாசலில் செருப்புக் குவியல். அடுத்த வருடம் அதே மட்டராஸி, எட்டு அணியில் ஏழாம் இடம்.

பிறகு கிரெகரி. 2017-18ல் பெங்களூரில் வைத்தே பெங்களூரை 3-2 என்று வென்று கிண்ணம். அடுத்த பருவம் அதே கிரெகரி, பத்து அணியில் பத்தாவது. 18 ஆட்டத்தில் 9 புள்ளி. அதற்கடுத்த பருவத்தின் நடுவில் அவர் விலக, ஓவன் கோய்ல் வந்தார். கீழே கிடந்த அதே அணி இறுதியாட்டம் வரை போனது.

இப்போ சொல்லுங்க, யார் நல்ல பயிற்றுவிப்பாளர்? மட்டராஸி ரசிகன் 2015ஐக் காட்டுவான், கிரெகரி ரசிகன் 2018ஐக் காட்டுவான். ரெண்டு பேருக்கும் அடுத்த வருடம் வசதியாக மறந்துபோகும்.

பயிற்றுவிப்பாளர் ஒன்றுமே செய்வதில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. கோய்ல் செய்து காட்டினார்தானே. இருக்கிற பதினொரு பேரை வைத்து எப்படி ஆடுவது என்பது அவர் வேலை. அந்தப் பதினொரு பேர் எங்கிருந்து வந்தார்கள் என்பது வேற கதை.

ஜெர்ரி லால்ரின்சுவாலாவையும் அனிருத் தாப்பாவையும் எடுங்க. கிரெகரியின் கிண்ணத்தைப் பற்றிப் பேசும்போது இந்த இளசுகளைப் பற்றிப் பேசாத ஆள் இல்லை. ஆனால் இருவரும் சென்னைக்கு வந்தது 2016ல், மட்டராஸியின் ஏழாமிடப் பருவத்தில். தோற்ற வருடத்தில் நட்டது, அடுத்தவர் காலத்தில் கொழுந்து விட்டது. எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

கிரெகரி பொறுப்பேற்றது 2017 ஜூலையில். அதே ஜூலை 23ஆம் தேதி மும்பையில் ட்ராஃப்ட். மூன்று கிழமைக்குள், முன்பு இந்தியாவில் வேலை செய்யாத ஒரு இங்கிலாந்துக்காரருக்கு இந்திய வீரர்களில் யார் எவர் என்று எப்படித் தெரியும்? சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். பெயர்கள் எழுதிய ஒரு பட்டியல் வேண்டும். அவர் அந்தப் பட்டியலில் இருந்துதான் எடுக்க முடியும். இல்லாத பெயரை எந்த மேதையும் எடுக்க முடியாது.

ட்ராஃப்ட் என்ற முறை வந்ததே அமெரிக்காவில், அவர்களுடைய உதைபந்தில். 1936ல் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டல் அறையில் முதல் ட்ராஃப்ட் நடந்தது. கரும்பலகையில் 90 பெயர்கள். கழகங்களிடம் அப்போது ஊர் ஊராகப் போய் வீரர் தேடுகிற பிரிவெல்லாம் கிடையாது. பேப்பரில் வந்த செய்தி, பக்கத்துக் கல்லூரியில் பார்த்தது, தெரிந்தவர் சொன்னது, இவ்வளவுதான் அந்தப் பட்டியல். அதாவது பேப்பரில் பெயர் வராதவன் கரும்பலகையிலும் இல்லை. அன்றைக்கு முதலாவதாக எடுக்கப்பட்டவர் பிறகு அந்த லீக்கில் ஒரு ஆட்டமும் ஆடவில்லை என்பது தனிக் கூத்து.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. செக்ரோலில் பெயர் விழாவிட்டால் நீங்கள் எத்தனை கிலோ பறித்தாலும் சம்பளம் இல்லை. துரை நல்லவரா கெட்டவரா என்பது ரெண்டாவது. முதல்ல பேர் விழணும்.

எங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூடிய ஒரு இடம் மிசோரம். ஜேஜே லால்பெக்லுவா, ஜெர்ரி எல்லாம் அந்த ஊர்க்காரர்கள்தான். 2011 கணக்கெடுப்பில் அங்கே மக்கள் தொகை சுமார் 11 லட்சம். ஊவா மாகாணத்தில் 2012 கணக்கெடுப்பின்படி 12 லட்சத்துக்கும் மேல். அதாவது எங்களைவிடச் சின்ன ஊர். மலைமேல் கட்டிய ஊர், மட்டமான தரை கிடைப்பது எங்களைப் போலவே கஷ்டம். 2012ல் அவர்கள் சொந்தமாக ஒரு லீக் தொடங்கினார்கள், மிசோரம் பிரீமியர் லீக். உள்ளூர் கேபிள் டிவி அதை ஒளிபரப்பியது. 2014ல் மிசோரம் முதல் தடவையாகச் சந்தோஷ் கிண்ணம் வென்றது. 2017ல் ஐசோல் எஃப்.சி. ஐ-லீக் சம்பியன். அப்போதைய பயிற்றுவிப்பாளர் காலித் ஜமீல் பெரிய கெட்டிக்காரர்தான். ஆனால் அவர் ஐசோலுக்கு வருவதற்கு முன்பே அங்கே லீக் ஓடிக்கொண்டிருந்தது. பட்டியல் தயாராக இருந்தது.

சென்னைக்குள்ளேயே பாருங்க. 2018 அரையிறுதியில் கோவாவுக்கு எதிராகக் கோல் போட்ட தன்பால் கணேஷ் வியாசர்பாடிக்காரர். வடசென்னையில் குடிசைப் பிள்ளைகள் வருடக்கணக்காகப் பயிற்சி எடுக்கிற இடம் அது. அந்தப் பயிற்சி எந்த இத்தாலிக்காரர் வந்தபோதும் தொடங்கியதில்லை, எந்த இங்கிலாந்துக்காரர் போனபோதும் நின்றதில்லை.

இனி நம்ம நாட்டுக்கு வருவோம். இலங்கையில் ட்ராஃப்ட் கிடையாது, தேசிய அணித் தேர்வுதான். கத்துவதற்கு எங்களிடமும் பயிற்றுவிப்பாளர்கள் நிறைய. 2018ல் பக்கீர் அலி. பிறகு அமீர் அலகிச். பிறகு முன்னாள் மான்செஸ்டர் சிட்டி கேப்டன் அன்டி மொரிசன். பிறகு குவைத்காரர் அப்துல்லா அல்முத்தைரி. நடுவில் 2023 ஜனவரியிலிருந்து ஓகஸ்ட் வரை ஃபிஃபா தடை வேறு. ஒவ்வொருவர் வரும்போதும் ஃபேஸ்புக்கில் ஒரே வாக்குவாதம், "இவர் எடுத்த டீம்தான் பெஸ்ட்" என்று.

வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. அலகிச் காலத்தில், 2021ல் லெபனானுக்கு இரண்டு கோல் போட்ட வசீம் ராசிக் ஜெர்மனியில் பிறந்தவர். பிறகு வந்தவர்கள் காலத்தில் ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பிறந்து வளர்ந்த பலர் அணிக்குள் வந்தார்கள். சுவீடனில் பிறந்த ஆதவன் ராஜமோகன் மாதிரித் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. 2024 செப்டம்பரில் கம்போடியாவைப் பெனால்டியில் வென்றபோது நாங்களும் ஹொஸ்டலில் துள்ளினோம். அவர்கள் மேல் எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்க. அவர்களை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ஜெர்மனியில் கீழ்மட்ட லீக்கில் ஆடுகிறவனுக்கும் இணையத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. எத்தனை ஆட்டம், எத்தனை கோல், எந்த இடத்தில் ஆடுகிறான், எல்லாம் பதிவு. கொழும்பில் உட்கார்ந்துகொண்டே அவனைத் தேடிப் பிடிக்கலாம். நமுனுகுலையில் இருக்கிற பையனை எதை வைத்துத் தேடுவது? பேர்லின் கொழும்புக்குப் பக்கம், பதுளை தூரம். இது பயிற்றுவிப்பாளரின் குற்றம் இல்லை. நான்கு பேரும் பட்டியல் இருக்கிற இடத்தில் தேடினார்கள். 2021ல் சூப்பர் லீக் என்று பத்துக் கழகங்களை வைத்துத் தொடங்கினார்களே, அதில் மலையகம் என்று சொல்ல நாவலப்பிட்டியின் அப்கன்ட்ரி லயன்ஸ் இருந்தது. ஊவாவிலிருந்து ஒன்றும் இல்லை.

எங்கள் தோட்டத்தில் ஒரு அண்ணன் இருந்தார். பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இடது கால். ஸ்டோருக்குப் பக்கத்து மட்டத்தில்தான் விளையாட்டு, ஒரு பக்கம் சரிவு. பந்து கொழுந்து மலைக்குள் போனால் தேடவே பத்து நிமிடம். அந்தச் சரிவில் பந்தைக் காலோடு ஒட்டி வைத்துக்கொண்டு இறங்கி வருவார் பாருங்க, அதைச் சொல்லி விளங்காது. ஒருமுறை கொழும்பில் தேர்வு என்று ஒரு கடிதம் வந்தது. அது எத்தனை மேசை தாண்டி வந்ததோ, அவர் கைக்குக் கிடைத்தபோது தேர்வு முடிந்து நான்கு நாள். வந்திருந்தாலும் இரவு பஸ் எடுத்து, தூங்காமல் காலையில் மைதானத்தில் இறங்க வேண்டும். நல்ல பூட்ஸ் ஒரு சோடி வாங்க அவருடைய அம்மா எத்தனை நாள் மலைக்கு ஏற வேண்டும்? நாட்சம்பளம் 1350 ஆனதே 2024ல்தான். அண்ணன் இப்போ கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறார். தேர்வு நடக்க இருந்த ஊரிலேயே.

"எல்லாத்துக்கும் அழுகிறீங்க, மிசோரத்துக்கு மாநில அரசு இருக்கு, உங்களுக்கு என்ன இருக்கு?" என்று கேட்பார்கள். சரி. எங்களுக்கும் ஒரு மாகாணம் இருக்கிறது, விளையாட்டுக்குப் பொறுப்பான அதிகாரிகள் இருக்கிறார்கள், பதுளையில் வின்சன்ட் டயஸ் மைதானம் இருக்கிறது. தேர்தல் வந்தால் தோட்டத்துக்குத் தோட்டம் ஜேர்சி வருகிறது, நெஞ்சில் நம்பருக்குப் பதிலாகத் தலைவரின் முகம். அந்த முகங்களிடம் ஒரு கேள்வி: ஜேர்சி போட்டு எங்கே விளையாடுவது?

குற்றம் எங்களிடமும் இருக்கிறது. நாங்கள் நடத்துகிற போட்டிகளைப் பாருங்க. பொங்கலுக்கு ஒன்று, திருவிழாவுக்கு ஒன்று. எல்லாம் ஒருநாள் நொக்-அவுட். காலையில் முதல் ஆட்டத்தில் தோற்ற டீம் இருபது நிமிடம் ஆடிவிட்டு வருடம் முழுக்க வீட்டில். பதினைந்து வயசுப் பையன் வருடத்துக்கு இருபது நிமிடம் ஆடி எப்படி வளர்வான்? கிண்ணம் பெரிசு, சவுண்ட் பெரிசு, விளையாட்டு சின்னது. பெண் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை, அவர்களுக்கு சங்கீதக் கதிரை. மட்டராஸி எடுத்தவர்களின் பெயரை வரிசையாகச் சொல்கிற எங்களுக்கு, போன பொங்கலில் பக்கத்துத் தோட்டத்துக்கு மூன்று கோல் போட்ட பையனின் முழுப் பெயர் தெரியவில்லை. வெட்கம்.

ஆகவே நாங்கள் கேட்பது இதுதான். ஒருநாள் நொக்-அவுட்டை விட்டுவிட்டு, பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்கள் ஆறு எட்டு சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை லீக் நடத்துங்க. தோற்ற டீமும் அடுத்த கிழமை ஆடட்டும். பெண் பிள்ளைகளுக்கும் அதே மைதானம், அதே நாள். மாகாண அதிகாரிகளே, தேர்வைப் பதுளையிலும் பண்டாரவளையிலும் வையுங்க. அறிவித்தலைத் தமிழிலும் போடுங்க, தேதி முடிவதற்கு முன் அனுப்புங்க. யார் யாரைப் பார்த்தீர்கள், யாரை எடுத்தீர்கள் என்று பட்டியலை வெளியே ஒட்டுங்க. அடுத்த பயிற்றுவிப்பாளர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் எங்களுக்குக் கவலையில்லை. அவர் கையில் கொடுக்கிற தாளில் பசறை, லுணுகலை, ஹப்புத்தளை, ஹாலிஎல என்று ஊர்ப் பெயர்கள் இருக்கிறதா என்பதுதான் கவலை.

எங்கள் பங்குக்கு ஒன்று தொடங்கிவிட்டோம். பெரிசா ஒன்றுமில்லை, 160 ரூபாயோ என்னவோ கொடுத்து வாங்கிய ஒரு சி.ஆர். கொப்பி. வருகிற பொங்கல் போட்டியிலிருந்து ஒவ்வொரு ஆட்டமும் அதில் ஏறும். பெயர், வயசு, தோட்டம், எந்தக் கால், எத்தனை நிமிடம், எத்தனை கோல். ஆட்டம் முடிந்த இரவே இங்கே பதிவாகவும் வரும். உங்கள் தோட்டத்திலும் ஒருவர் கோட்டுக்குப் பக்கத்தில் பேனையோடு உட்காருங்க. மட்டராஸியா கிரெகரியா என்று மிச்ச நேரத்தில் கத்தலாம், கடை அண்ணன் ஒன்றும் சொல்லமாட்டார்.