தோல்வாரும் சாணைக்கல்லும்

கடோபநிஷதத்தில் நசிகேதனுக்கு உபதேசிக்கும் யமதர்மன், ஞானப் பாதைக்குச் சவரக்கத்தியின் கூர்முனையை உவமை கூறுகிறான். 1938-இல் திருவண்ணாமலை வந்து பகவான் ரமணரைத் தரிசித்த ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம், 1944-இல் வெளியிட்ட தம் புதினத்துக்கு இவ்வுவமையையே பெயராகச் சூட்டினார்.

நடத்தற்கு அரிய வழி என்பதே உவமையின் பொருள். ஆயினும், அக்கூர்மையைக் காக்கும் முறையிலும் நமக்கொரு பாடம் உண்டு.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜெர்மனியின் சோலிங்கன் ஆகிய நகரங்களில் நூறாண்டுகளுக்கு முன் உருவான மடக்குக் கத்திகளை இன்றும் தேடிச் சேகரித்து, அவற்றாலேயே முகம் மழித்துக்கொள்வோர் உளர். மழிக்குமுன் அவர்கள் நாள்தோறும் கத்தியை, அதன் முதுகு முன்செல்லுமாறு தோல்வாரில் தீட்டுவர். சற்றே பிறழ்ந்த நுண்விளிம்பு அதனால் நேராகும். சாணைக்கல்லோ சில மாதங்களுக்கு ஒருமுறைதான். அது எஃகைத் தேய்த்துப் புதுவிளிம்பு தரும். தோல்வாரை மறந்தால் கல்லை அடிக்கடி நாட நேரும், கத்தியும் தேயும். மழித்தபின் ஈரம் துடையாவிடில் துருவேறும்.

அன்றாட வழிபாடு தோல்வார். தலயாத்திரையும் விரதமும் சாணைக்கல். இரண்டும் வேண்டுவனவே. ஆண்டுக்கொருமுறை திருமலையிலோ பழநியிலோ முடிகாணிக்கை செலுத்தத் தவறாத நாம், வீட்டில் விளக்கேற்றி ஐந்து நிமிடம் அமர நேரமில்லை என்கிறோம். ஓராண்டு மழுங்கிய மனத்தை ஒருநாள் யாத்திரை எவ்வளவுதான் தீட்டும்?

இன்று மாலையே விளக்கின்முன் சற்று அமர்வோம். நாளையும் அமர்வோம். கூர்மை தானே நிலைக்கும்.