பாட்டில் கணக்கு போதாது, குழாய்க் கணக்கு வேண்டும்!



வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை எங்கும் டேனரித் தண்ணியைப் பற்றிப் புகார் கொடுத்தால் நடப்பது ஒன்றுதான். ஒரு பாட்டிலில் சாம்பிள் எடுத்துக்கொண்டு போவார்கள். லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் வரை கரைந்த உப்பு இருக்கலாம் என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். அதற்குள் இருந்தால் ஃபைல் மூடப்படும். எத்தனை லிட்டர் போச்சு? அதைக் கேட்பாரில்லை.

நாம் கேட்போம். கணக்கு ஒன்றும் கம்பசூத்திரமில்லை. போர் தண்ணியை டிரம்மில் பிடித்து, எத்தனை நொடியில் ரொம்புது என்று பார்ப்பவர்கள்தானே நாம்! டிரம் வைக்க முடியாத இடத்தில் இப்படிப் பார்க்கலாம்: குழாய் படுக்கையாக இருக்கணும், வாய் நிறைய ஓடணும். மேல் விளிம்பிலிருந்து 30 செ.மீ. இறங்குவதற்குள் தண்ணி 50 செ.மீ. தள்ளிப் பாய்ந்தால் வேகம் நொடிக்குச் சுமார் 2 மீட்டர். 4 இஞ்சுக் குழாயின் வாய்ப்பரப்பு ஏறத்தாழ 78 சதுர செ.மீ. இரண்டையும் பெருக்கினால் நொடிக்கு 15 லிட்டருக்கு மேல், மணிக்கு 56,000 லிட்டர். ராத்திரி 10 மணி நேரம் ஓடினால் 5 லட்சத்து 60 ஆயிரம் லிட்டர். அதே குழாய் 8 இஞ்சு என்றால் இரண்டு மடங்கல்ல, நாலு மடங்கு! (பாதிக் குழாய் ஓடினால் இந்தக் கணக்கு செல்லாது. கழிவைக் கையால் தொடவும் வேண்டாம், தொட்டிக்குள் எட்டிப் பார்க்கவும் வேண்டாம். 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டி உடைந்து 10 தொழிலாளர்கள் செத்தார்கள்.)

இனி உப்பைப் பாருங்கள். "அளவுக்குள்" இருக்கிற தண்ணியே அந்த ஒரு ராத்திரியில் 1,170 கிலோ உப்பைக் கொண்டுபோகிறது. 50 கிலோ மூட்டையாக 23 மூட்டை! இதை யாராவது நம் நிலத்தில் வண்டியில் கொண்டுவந்து கொட்டினால் சும்மா விடுவோமா?

ஒரு கிலோ தோலுக்கு ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணி என்று 1996 தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் எழுதிவிட்டது. 2001-ல் 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் நஷ்டஈடு என்றார்கள். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு 9,200 ரூபாய்கூட இல்லை. கெடுத்தவன்தான் கொடுக்கணும், ஆறு சீராகிற வரைக்கும் பொறுப்பு தீராது என்று 2025 ஜனவரி 30-ல் அதே நீதிமன்றம் மறுபடி சொல்லியிருக்கிறது.

எனவே ஒவ்வொரு வெளியேற்றுக் குழாயிலும் மீட்டர் வேண்டும். தினசரி ரீடிங்கைப் பஞ்சாயத்து ஆபீஸ் பலகையில், உப்பு அளவோடு சேர்த்து எழுதிப் போட வேண்டும். அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாக வைப்போம், டேப்பையும் கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.