உறைவது கோப்பு மேலாளர், அழிவது மாணவரின் கட்டுரை

கணினியில் கோப்புறையைத் திறந்ததும் சாளரம் சாம்பல் நிறமாகி உறைந்துவிட்டால், பள்ளிக் கணினி அறைகளில் உடனே எழும் தீர்ப்பு ஒன்றுதான்: “லினக்ஸ் என்றாலே இப்படித்தான், ஃபார்மட் செய்துவிடலாம்.” இது சோம்பலின் தீர்ப்பு. பள்ளிவாசலை உள்ளடக்கிய தேவிகுளம் வட்டத்தில் தமிழ்வழிப் பள்ளிகள் உள்ளன. தோட்டத் தொழிலாளியின் மகள் தமிழில் தட்டச்சு செய்து சேமித்த கட்டுரைக்கு அந்த வன்தட்டைத் தவிர வேறு படி இருப்பது அரிது.

கேரளப் பள்ளிகளுக்குக் கைட் நிறுவனம் வழங்கும் குனு/லினக்ஸ், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது. கட்டற்ற மென்பொருளின் பெருமை விலையின்மையில் இல்லை. உள்ளே நடப்பதை எவரும் பார்க்கலாம் என்பதில் இருக்கிறது. பார்க்க மறுப்பவருக்கு அதுவும் பூட்டிய பெட்டியே.

பார்ப்பதோ எளிது. முனையத்தைத் திறந்து, அதே கோப்புறையை எல்எஸ் கட்டளையால் பட்டியலிட வேண்டும். பட்டியல் நொடியில் வந்தால் வட்டின் மீது ஐயம் குறைகிறது. கோப்பு மேலாளரையே சோதிக்க வேண்டும். பெரும்பாலும் சிதைந்த காணொளி ஒன்றுக்குச் சிறுபடம் உருவாக்க முயன்று அது திணறிக்கொண்டிருக்கும். நாட்டிலஸை ‘-கியூ’ விருப்பத்துடன் நிறுத்தி, மறைந்திருக்கும் கேஷ் கோப்புறையிலுள்ள சிறுபடங்களை நீக்கிவிட்டு மீண்டும் திறக்கலாம். சிக்கல் தொடர்ந்தால் அந்தக் காணொளியை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும். மாணவரின் கோப்பு எதுவும் இதில் அழிவதில்லை.

முனையமும் சேர்ந்து உறைந்தால் கதை வேறு. பிஎஸ் கட்டளை காட்டும் பட்டியலில் அந்தச் செயல்முறையின் நிலை ‘டி’ என்றே நீடித்தால், அது வட்டின் அல்லது வலையமைப்பின் பதிலுக்காகக் கருநிரலுக்குள் காத்துக்கிடக்கிறது என்று பொருள். அந்நிலையில் கில் கட்டளையின் ஒன்பதாம் குறிப்பும் பொதுவாகப் பலிக்காது. அணைக்கப்பட்ட வழங்கிக் கணினியின் பகிர்வுக் கோப்புறை இன்னும் இணைந்திருக்கிறதா, பென்டிரைவில் எழுதும் வேலை பாதியில் நிற்கிறதா என்று முதலில் நோக்க வேண்டும். இரண்டும் இல்லையெனில், நிர்வாகி உரிமையுடன் டிமெஸ்ஜி கட்டளையை இயக்கினால் கருநிரலின் வாக்குமூலம் கிடைக்கும். அதில் உள்ளீட்டு வெளியீட்டுப் பிழைகள் அடுக்கடுக்காக வந்தால், வன்தட்டோ அதன் கம்பியோ பழுதாகிறது. அப்போது முதல் வேலை கோப்புகளைப் படியெடுப்பது. பழுதுநீக்கும் கட்டளைகள் அதற்குப் பிறகே.

1940இல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய ஊர் பள்ளிவாசல். அங்கே ஒரு விளக்கு எரியவில்லை என்றால் மின்நிலையத்தையே இடித்துக் கட்டலாம் என எவரும் சொல்லமாட்டார். கணினிக்கு மட்டும் அந்த நியாயம் ஏன் மறுக்கப்படுகிறது?

“நேரமில்லை” என்பதே வழக்கமான மறுமொழி. மேலே சொன்ன சோதனைகளுக்குச் சில நிமிடங்கள் போதும். இயங்குதளத்தை மீண்டும் நிறுவி அமைப்பதற்கோ ஒரு பாடவேளையாவது போய்விடும். பழுது வன்தட்டில் இருந்தால், புதிதாக நிறுவிய அமைப்பும் அதே இடத்தில் மறுபடி உறையும். அதற்குள் கட்டுரை மட்டும் போயிருக்கும்.