வரிசை மறந்த கைகள்

வெள்ளிக்கிழமை காலை. அம்பத்தூரில் ஒரு வீடு. எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் அடுப்படியில் நிற்கிறார். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக வெள்ளிதோறும் அம்பாளுக்குச் சர்க்கரைப் பொங்கல் நைவேத்தியம் செய்த கைகள் அவருடையவை. பச்சரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், நெய், முந்திரி, ஏலக்காய் எல்லாம் மேடைமீது இருக்கின்றன. வெல்லப்பாகு முறுகிக்கொண்டிருக்கிறது, அரிசி இன்னும் களையப்படவில்லை. விளக்குக்குத் திரி போடச் சென்றவர் பாதியில் பூக்கட்ட அமர்ந்தார். பூவையும் பாதியில் விட்டு அடுப்படிக்குத் திரும்பினார்.

“பத்தரைக்கு ராகுகாலம். காலையிலிருந்து என்னதான் செய்யறே?” என்று கூடத்திலிருந்து கணவரின் குரல் எழுகிறது.

மூதாட்டியின் கண்கள் கலங்குகின்றன. அருகில் வந்த மருமகளிடம் மெல்லச் சொல்கிறார்: “எல்லாம் தெரியுதும்மா. எதை முதல்ல செய்யறதுன்னுதான் பிடிபடல.”

இது மறதி அன்று. பொங்கலுக்கு எத்தனை படி அரிசி, எவ்வளவு வெல்லம் என்று கேட்டால் அவர் பிசகாமல் சொல்வார். சோம்பலும் அன்று, விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து நீராடியவர் அவர். வேறொன்று தளர்ந்திருக்கிறது.

கோயில் திருவிழாவை எண்ணிப் பார்க்கலாம். நாதஸ்வரக்காரர் வந்திருக்கிறார். மடப்பள்ளியில் அடுப்பு எரிகிறது. மாலைகள் வந்துவிட்டன. சீர்பாதம் தாங்கிகளும் காத்திருக்கிறார்கள். ஆனால் எது எப்போது நடக்க வேண்டும் என்று சொல்லும் மணியக்காரர் வரவில்லை. அந்தத் திருவிழாவில் ஒருவருக்கும் திறமை குறைவில்லை. இருந்தும் புறப்பாடு நடக்காது. மனித மூளையிலும் இத்தகைய மணியக்காரர் ஒருவர் உண்டு. திட்டமிடுதல், தொடங்குதல், வரிசைப்படுத்துதல், ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு மாறுதல், முடித்தல் ஆகியவை அவர் பொறுப்பு. நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப்பகுதிக்கு இதில் பெரும்பங்கு உண்டு என்பர் மருத்துவர்.

கனடா நாட்டின் மாண்ட்ரியல் நகரில் வைல்டர் பென்பீல்டு என்னும் புகழ்பெற்ற மூளை அறுவை மருத்துவர் வாழ்ந்தார். அவருடைய தமக்கையாருக்கு மூளையின் முன்பகுதியில் கட்டி வந்தது. 1928-ல் பென்பீல்டே அறுவை செய்து அதன் பெரும்பகுதியை அகற்றினார். ஓராண்டுக்கு மேல் கழிந்தபின், தம்பியை விருந்துக்கு அழைத்தார் அந்த அம்மையார். முன்னெல்லாம் அத்தகைய விருந்தை எளிதாகச் செய்தவர். அன்று தம்பி வந்தபோது உணவுப் பொருள்கள் யாவும் அடுப்படியில் இருந்தன. ஒன்றிரண்டு பாத்திரங்கள் அடுப்பில் இருந்தன. மற்றவை தொடங்கப்படவே இல்லை. நடுவில் அம்மையார் களைத்துக் கலங்கி நின்றார். அருகிலிருந்து சிறிது துணை செய்ததும் வேலை நகர்ந்தது. 1935-ல் வெளியிட்ட கட்டுரையில் பென்பீல்டு இதனைப் பதிவு செய்தார். மாண்ட்ரியல் அடுப்படியும் அம்பத்தூர் அடுப்படியும் ஒன்றே போலும்!

ஆவடிக்கு மேற்கே உள்ள திருநின்றவூரில் வாழ்ந்த பூசலார் நாயனாரை அடியார் அனைவரும் அறிவர். சிவபெருமானுக்குக் கோயில் எழுப்பப் பொருள் தேடினார், கிட்டவில்லை. மனத்திலேயே கோயில் கட்டத் துணிந்தார். முதலில் பொருள் திரட்டினார். பின்னர்த் தச்சரைச் சேர்த்தார். நல்ல நாள் பார்த்து அடிநிலை இட்டார். விமானமும் சிகரமும் எழுப்பிச் சுதை வேலை முடித்து, கிணறும் மதிலும் குளமும் அமைத்த பின்னரே குடமுழுக்குக்கு நாள் குறித்தார். ஒரு படியும் முன்பின் மாறவில்லை. காஞ்சியில் கற்றளி எழுப்பிய பல்லவ மன்னனும் அதே நாளைக் குறித்திருந்தான். இறைவன் அவன் கனவில் தோன்றி, நாளை நின்றவூர்ப் பூசலின் ஆலயத்தில் புகுவதால் உன் நாளை மாற்றிக்கொள் என்றருளினான்.

மன்னன் நின்றவூர் வந்து கேட்டபோது, அப்படி ஒரு கோயில் இங்கில்லை என்றனர் ஊரார். பூசலாரின் உழைப்பு இறைவன் ஒருவனுக்கே தெரிந்திருந்தது. மனத்துக்குள் வரிசை தவறாமல் கட்டும் அந்த ஆற்றல் முதுமையில் சிலருக்குத் தளர்கிறது. அவர்கள் படும் பாடும் வீட்டாருக்குத் தெரிவதில்லை. பொங்கல் ஆகவில்லை என்பது மட்டுமே கண்ணுக்குத் தெரிகிறது.

செய்ய வேண்டியது யாது? முதலில் மருத்துவரைக் காண வேண்டும். நீரிழிவும் இரத்த அழுத்தமும் மூளையின் நுண்குழாய்களைப் பாதித்திருக்கலாம். தைராய்டு குறை, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, உறக்கமின்மை, சில மாத்திரைகளின் விளைவு ஆகியவையும் காரணமாகலாம். இவற்றுள் பல சீராகக்கூடியவை. மறதி நோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். அதனையும் முன்னரே அறிவது நலம். ஒரே நாளில் திடீரென்று இக்குழப்பம் தோன்றினால் சற்றும் தாமதியாமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். ஆவடி, அம்பத்தூர் மின்தொடரில் சென்ட்ரல் சென்று இறங்கினால் எதிரிலேயே இராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை இருக்கிறது. அங்கே நரம்பியல் பிரிவு உண்டு. முதியோர்க்கான 14567 என்னும் உதவி எண்ணிலும் வழி கேட்கலாம்.

வீட்டில் செய்யத்தக்கவை எளியவை. பூசைப் பொருள்களை முதல்நாள் இரவே ஒரு தட்டில் எடுத்து வைக்கலாம். செய்ய வேண்டிய ஐந்தாறு செயல்களை வரிசையாகப் பெரிய எழுத்தில் எழுதிப் பூசையறைச் சுவரில் ஒட்டலாம். ஒரு வேலை முடியும்வரை அடுத்ததைச் சொல்லாதிருக்கலாம், கூடத்திலிருந்து அழைக்காதிருக்கலாம். மாத்திரைகளைக் கிழமைவாரியாகப் பிரித்த பெட்டியில் இடலாம். அடுப்பு எரியும்போது ஒருவர் உடனிருக்க வேண்டும். திருவேற்காட்டுக்கோ மாங்காட்டுக்கோ அழைத்துச் செல்வதாயின் கூட்டமில்லாத நாளைத் தேர்ந்துகொள்ளலாம்.

எழுதி வைப்பது இழுக்கன்று. ஆவாகனம், ஆசனம், பாத்தியம், அர்க்கியம் என்று பதினாறு உபசாரங்களையும் முன்னோர் வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் மந்திரம் வைத்தனர். நாக்கு முன்செல்லக் கை பின்தொடரும். வரிசையை நினைவை மட்டும் நம்பி விட்டுவிடாத மரபு நம்முடையது.

“இப்படியே போனால் கடைசிக் காலத்தில் பெருமாள் திருநாமமாவது நினைவுக்கு வருமா?” என்னும் அச்சம் பல முதியோருக்கு உண்டு. அதற்கு விடை பூவிருந்தவல்லியில் அவதரித்த திருக்கச்சி நம்பிகள் வழியாகக் கிடைத்திருக்கிறது. காஞ்சி வரதனுக்கு ஆலவட்டக் கைங்கரியம் செய்தவர் அவர். இராமாநுசர் தம் ஐயங்களை அவர் மூலமாக வரதனிடம் விண்ணப்பித்தார். பெருமாள் அருளிய ஆறு வார்த்தைகளுள் ஒன்று, சரணடைந்தவனுக்கு அந்திமக் காலத்தில் நினைவு வேண்டுமென்ற கட்டாயம் இல்லை என்பது. நலமாக இருந்த நாளில் அடியவன் நினைத்தது போதும். நினைவு தளரும் நாளில் நினைப்பது அவன் பொறுப்பு. இறைவனே இவ்வளவு விட்டுக்கொடுக்கும்போது வீட்டார் சிறிது விட்டுக்கொடுக்கலாகாதா?

அம்பத்தூர் வீட்டில் மருமகள் முறுகிய பாகை இறக்கி வைத்தாள். “இருக்கட்டும் அத்தை. முதல்ல அரிசியைக் களையுங்க. அடுத்தது என்னன்னு நான் சொல்றேன்” என்றாள்.

மூதாட்டி அரிசியைக் களைந்தார். கைகளுக்கு வேலை மறக்கவில்லை. கணவரும் எழுந்து வந்து, பாதியில் கிடந்த திரியை எடுத்து விளக்கில் இட்டார். நைவேத்தியம் முடிவதற்குள் பத்தரை கடந்துவிட்டது. அம்பாள் காத்திருந்தாள்.