கிழங்கில் பிறந்த மருந்து

காலை உணவை உண்டு கை கழுவி வந்த பாட்டியார், கால் மணி நேரத்திற்குள், "எனக்கு இன்னும் யாரும் சாப்பாடு தரவில்லையே" என்கிறார். பெற்ற மகனையே, "தம்பி, நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று வினவுகிறார். வயது முதிர்ந்தால் இப்படித்தான் என்று நாமும் வாளாவிருந்து விடுகிறோம். மூப்பின் மறதி வேறு. அல்சைமர் நோய் வேறு. அலாய்ஸ் அல்சைமர் என்னும் ஜெர்மானிய மருத்துவர் 1906-ஆம் ஆண்டில் இந்நோயை முதன்முதலாக எடுத்துரைத்தார்.

இதற்கு மூலிகையில் மருந்து உண்டா என்று கேட்போர் பலர். உண்டு, ஆனால் அதன் எல்லையையும் நாம் அறிந்திருத்தல் நலம்.

ஐரோப்பாவில் பனி உருகும் பருவத்தில் தலை கவிழ்ந்து பூக்கும் வெண்ணிறச் சிறுமலர் ஒன்று உண்டு. அதன் கிழங்கிலுள்ள கேலன்டமைன் என்னும் பொருளைச் சோவியத் நாட்டிலும் பல்கேரியாவிலும் அறிஞர்கள் 1950-களில் ஆராய்ந்தனர். பல்கேரியாவில் அது இளம்பிள்ளை வாதம் முதலிய நரம்பு நோய்களுக்குப் பயன்பட்டது. மூளையின் நரம்பணுக்களுக்கிடையே செய்தி கொண்டு செல்லும் அசிட்டைல்கோலின், அல்சைமர் நோயில் குறைந்துபோகிறது. எஞ்சியிருப்பதும் விரைவில் சிதைந்து போகாதவாறு கேலன்டமைன் காக்கிறது. 2001-இல் அமெரிக்க அரசு இதனை அல்சைமர் நோய்க்குரிய மருந்தாக ஏற்றது. தொடக்க நிலையிலும் நடுத்தர நிலையிலும் உள்ளோர்க்கு இது ஓரளவு துணை செய்கிறது, நோயை வேரறுப்பதில்லை. குமட்டலும் வாந்தியும் வரக்கூடும். இதயத் துடிப்பும் தளரலாம். அக்கிழங்கை அப்படியே உண்டாலோ நஞ்சாகும்!

எல்லாத் தாவரங்களும் இச்சோதனையில் தேறவில்லை. கிங்கோ மரத்தின் இலைச்சாறு நினைவைக் காக்கும் என்று பலர் நம்பினர். அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு அச்சாறும் மறு பிரிவினர்க்குப் போலி மாத்திரையும் கொடுத்து, ஏறத்தாழ 6 ஆண்டுகள் கவனித்தனர். அச்சாறு நோயைத் தடுக்கவில்லை என்பது 2008-இல் வெளியான முடிவு. நம் மஞ்சளிலுள்ள குர்க்குமின் ஆய்வுக்கூடத்தில் நம்பிக்கையூட்டியது உண்மையே. ஆயினும் உண்ணும்போது அதில் மிகச் சிறிதளவே இரத்தத்தில் சேர்கிறது. நோயாளிகளுக்குப் பயன் தருவதாக மெய்ப்பிக்கப்படவில்லை. வல்லாரையின் நிலையும் அத்தகையதே. குழம்பில் மஞ்சளும் துவையலில் வல்லாரையும் தாராளமாக இருக்கட்டும். அவற்றை நம்பி மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்துதல் மட்டும் வேண்டாம்.

ஆகவே, "மறதியை அடியோடு போக்கும் மூலிகை" என்று கூவி விற்போரிடம் பணத்தை இழக்குமுன், பெரியவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். வீட்டில் கொடுத்துவரும் சூரணம், லேகியம் அனைத்தையும் மறைக்காமல் கூறுவோம். கிங்கோ போன்றவை, இரத்தம் உறையாமலிருக்க உண்ணும் மாத்திரைகளோடு சேர்ந்தால் இரத்தப்போக்கு உண்டாகக்கூடும்.

பாட்டியார் மீண்டும் சாப்பாடு கேட்பார். "இப்போதுதானே சாப்பிட்டீர்கள்!" என்று கடிந்துகொள்வதால் அவர் நினைவு திரும்பப் போவதில்லை. அருகில் அமர்ந்து, கையைப் பற்றி, ஒரு வாய் காப்பி கொடுப்போம். அதற்கு எந்த ஆய்வின் முடிவுக்காகவும் நாம் காத்திருக்க வேண்டியதில்லை.